கிரவுன்ல எத்தினி நாளு?

எங்கள் வீட்டில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. "கிரவுன்ல எத்தினி நாளு?" மின்ட் தெரு கிரவுன் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது, அவ்வளவுதான் கேள்வி. நைனா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சிவாஜி ரசிகர். சித்தப்பா வாத்தியார் கட்சி, அதாவது எம்.ஜி.ஆர். ரசிகர். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்ததால் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சண்டையில் கதை, நடிப்பு, பாட்டு எதுவும் சாட்சிக்கு வராது. நாள் கணக்கு ஒன்றுதான் சாட்சி. நைனாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க பேப்பர் விளம்பரங்கள், மைதா பசை காய்ச்சி ஒட்டியவை. 1979-இல் வந்த திரிசூலம் விளம்பரம் ஒன்று இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடிகரின் முகத்தைப் பூச்சி அரித்துவிட்டது. கீழே அச்சிட்ட மூன்று பெயர்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன: சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி.

இந்த நகரத்தின் சினிமா ரசனையை விளக்கச் சொன்னால் நான் அந்த மூன்று பெயர்களில்தான் தொடங்குவேன். விமர்சகர்கள், விருதுகள், விழாக்கள் எல்லாம் அதற்குப் பிறகு. சாந்தி மவுண்ட் ரோட்டில். கிரவுன் மின்ட் தெருவில். புவனேஸ்வரி புரசைவாக்கம் பக்கம். எதிர்க்கட்சியிலும் இதே ஏற்பாடுதான். 1965-இல் எங்க வீட்டுப் பிள்ளை படத்துக்கு காசினோ, பிராட்வே, மேகலா. 1973-இல் உலகம் சுற்றும் வாலிபனுக்கு தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. சென்னை வரைபடத்தை விரித்து இந்தத் தியேட்டர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். கூவத்துக்குத் தெற்கே ஒன்று, வடக்கே இரண்டு. ஒவ்வொரு முறையும்.

இது தற்செயலில்லை. அன்றைக்குப் படம் என்பது பெட்டிக்குள் இருக்கும் பிலிம் சுருள். ஒவ்வொரு பிரிண்டும் காசு. அதனால் விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை. சிட்டி ஏரியாவுக்கு மூன்று, மிஞ்சினால் நாலு பிரிண்ட். அவற்றை எங்கே போட்டால் கல்லா நிறையும் என்று பார்த்துப் போட்டார்கள். துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பட்டறைகள், பின்னி மில், கொத்தவால் சாவடி, மீன்பிடி குப்பங்கள் என்று உழைக்கிற ஜனம் திரண்டிருந்தது வடக்கில். வாரக் கூலி கையில் வந்த அன்றே தரை டிக்கெட்டுக்குப் போகிற ஜனம். அவர்களை விட்டுவிட்டு எந்த விநியோகஸ்தர் கணக்குப் போடுவார்?

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒவ்வொரு தியேட்டரின் நாள் கணக்கும் தனித்தனியாக எண்ணப்பட்டது. தண்டையார்பேட்டைக்காரர் குடும்பத்தோடு பஸ் ஏறி மவுண்ட் ரோடு போய்ப் படம் பார்ப்பது அபூர்வம். பக்கத்தில் ஓடுவதைப் பக்கத்தில் பார்ப்பார். ஆகவே சாந்தியில் நூறு நாள் ஓடிய படத்தைக் கிரவுனில் ஐம்பதாம் நாள் தூக்கிவிட்டால், மவுண்ட் ரோடுக்குப் பிடித்தது மின்ட்டுக்குப் பிடிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். பேப்பரைத் திறந்தால் போதும். வட சென்னையின் தீர்ப்பு தனி வரியில் அச்சாகி வந்துகொண்டிருந்தது. கோப்பையும் மேடையும் இல்லாத விருது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விருதிலும் தில்லுமுல்லு இருந்தது. தொண்ணூறாம் நாளில் தள்ளாடும் படத்தை ரசிகர் மன்றத்துக்காரர்களே டிக்கெட் வாங்கி நூறுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு தியேட்டரில் தூக்கி இன்னொன்றில் போட்டு நாளைத் தொடர்ந்து எண்ணுவதும் உண்டு. "அது ஷிப்டிங்ல ஓட்னதுடா, கணக்குல சேராது" என்று நைனா அடித்துச் சொல்வார். மன்றங்கள் தியேட்டர்வாரியாக வசூல் போட்டு பிட் நோட்டீஸ் அடித்து விநியோகித்தன. இன்று இணையத்தில் முதல் நாள் வசூலுக்காக அடித்துக்கொள்கிறார்களே, அதன் தாத்தா அந்த நோட்டீஸ்தான். என்ன, அதில் அச்சகத்தின் பெயராவது இருக்கும்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஊர்வலம்

மின்ட் தெருவுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னையில் முதன்முதலில் சலனப் படம் காட்டியது 1896 டிசம்பரில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில். பிறகு வெள்ளைக்காரர்கள் மவுண்ட் ரோட்டில் தியேட்டர் கட்டினார்கள். 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது. நம்மூர்க்காரர்களுக்கென்று தியேட்டர் கட்டத் துணிந்தவர் ரகுபதி வெங்கையா. மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி, மின்ட்டில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். இந்தக் குளோப்தான் பின்னாளில் ராக்ஸி ஆயிற்று. பாருங்கள், அங்கேயே அந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கு தொடங்கிவிட்டது.

வடக்கில் ஏற்கெனவே நாடகம் பார்த்துப் பழகிய கூட்டம் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியது ஜார்ஜ் டவுனில்தான். வால்டாக்ஸ் ரோட்டில் ஒத்தவாடை தியேட்டர் நாடகக் கம்பெனிகளுக்குக் கோயில் மாதிரி. பாட்டு சரியில்லை என்றால் எழுந்து சத்தம் போடுகிற, பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' கேட்டு நடிகரை நகரவிடாத கூட்டம் அது.

அந்தக் கூட்டத்திடம்தான் முதல் தமிழ்ப் பேசும் படம் வந்து சேர்ந்தது. 1931 அக்டோபர் 31, மின்ட்டில் கினிமா சென்ட்ரல் தியேட்டர், படம் காளிதாஸ். படம் எடுத்தது பம்பாயில். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, இந்தியும் நடுவே வந்து போகிற விசித்திரமான படம். சென்ட்ரல் ஸ்டேஷனில் பிலிம் பெட்டி வந்து இறங்கியதும் வால்டாக்ஸ் ரோடு வழியாக ஜனங்கள் பின்னாலேயே நடந்து, பூத் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றித் தியேட்டர் வரை கொண்டு போனார்கள் என்று சினிமா வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடிகருக்கு முன்னால் பெட்டிக்கு ஆரத்தி எடுத்த தெரு இது. கினிமா சென்ட்ரல் பிறகு முருகன் டாக்கீஸ் ஆனது. இப்போது அதுவும் இல்லை.

அடுத்த கதை இன்னும் விசித்திரம். 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன். பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. படம் வந்த அடுத்த மாதமே, நவம்பரில், வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-இல்தான் விடுதலை ஆனார்கள். அதாவது இரண்டு பேரும் சிறையில் இருந்த காலத்தின் பெரும்பகுதி, பிராட்வேயில் மாலை தோறும் திரையில் பாடிக்கொண்டும் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தார்கள். பத்திரிகை என்ன எழுதினாலும், நீதிமன்றம் என்ன சொன்னாலும், டிக்கெட் வாங்கிய ஜனம் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழ் சினிமா எழுத்தின் ஆரம்ப காலத்திலேயே இப்படி ஒரு ரத்தக்கறை இருப்பதால்தானோ என்னவோ, மற்ற சினிமாப் பத்திரிகைகள் பெரும்பாலும் நட்சத்திரங்களோடு சமாதானமாகவே போயின. 'பேசும் படம்' 1942-லிருந்து வந்தது. 'குண்டூசி' பேருக்கேற்றபடி அவ்வப்போது குத்தும். ஆனால் படத்தை எடைபோட்டுச் சொல்லும் வேலையைப் பொதுப் பத்திரிகைகளே செய்தன. ஆனந்த விகடன் மார்க் போட ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு அதுவே பேச்சு. பதினாறு வயதினிலே வாங்கிய 62.5-ஐ இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடையில்தான் விகடன் வரும். முடி வெட்ட உட்கார்ந்தவர் மார்க்கைச் சத்தமாகப் படிப்பார். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "அம்பத்தி நாலா? மகாராணில தர டிக்கெட்டே கெடைக்கல, இவுரு அம்பத்தி நாலு போட்றாரு" என்பார். இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடம் அந்த நாற்காலி.

எனக்கு அந்த மோதல் பிடிக்கும். நல்ல சினிமாப் பேச்சுக்கு இரண்டு தரப்பும் வேண்டும். எழுதுகிறவர் ஒரு கண்ணால் பார்க்கிறார், காசு கொடுத்தவர் இன்னொரு கண்ணால். நூறு நாள் ஓடியது என்பதற்காகக் குப்பை காவியமாகிவிடாது. எழுதுகிறவர் கொண்டாடியதால் மட்டும் ஒரு படம் ஜனங்களின் படமாகியும் விடாது.

அரசு விருதுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தன. 1971-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த நடிகர் எம்.ஜி.ஆர்., ரிக்‌ஷாக்காரன் படத்துக்காக. அரசியல் விருது என்று அப்போதே முணுமுணுத்தார்கள். ஆனால் ரிக்‌ஷா ஸ்டாண்டுகளில் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்று சித்தப்பா சொல்வார். டெல்லியில் கொடுத்த பட்டத்தைத் தங்களுக்கே கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்களாம். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா தமிழ்நாட்டில் 1973-இல்தான் ஒழிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் புரியும். தமிழக அரசின் திரைப்பட விருதுகள் 1960-களின் கடைசியில் ஆரம்பித்து, விட்டு விட்டு வந்தன. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு விருது அறிவித்தது 2017-இல். கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். குழந்தை நட்சத்திரமாக விருது வாங்க வேண்டிய பிள்ளை மீசையோடு மேடை ஏறும் அளவுக்கு இடைவெளி.

பொட்டி போன பிறகு

என் தலைமுறை பார்த்தது அந்த நாள் கணக்கின் கடைசிக் காலம். "பொட்டி வந்திச்சா?" என்பது ரிலீஸ் அன்று காலையில் தியேட்டர் வாசலில் கேட்கும் முதல் கேள்வி. பணம் கட்டாமல் பெட்டி லேபில் நிற்கிறது என்ற வதந்தி ஒரு பக்கம், மீரான் சாகிப் தெருவிலிருந்து கிளம்பிவிட்டது என்ற செய்தி ஒரு பக்கம். மீரான் சாகிப் தெரு என்பது மவுண்ட் ரோட்டை ஒட்டி விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள் நெருக்கியடித்த சந்து. இரும்புக் கம்பி போட்ட, ஒரு ஆள் மட்டும் நுழையும் கவுண்டர் வழியில் நின்று, முன்னால் நிற்பவனின் வியர்வையும் பின்னால் நிற்பவனின் முழங்கையும் ஒன்றாகி, கை நுழையும் ஓட்டையில் காசை நீட்டி, கசங்கிய டிக்கெட்டோடு வெளியே வந்தால் பாதிப் படம் பார்த்த திருப்தி.

1990-களில் பிரிண்ட்டுகள் கூடத் தொடங்கின. 2005 வாக்கில் க்யூப் மாதிரியான டிஜிட்டல் முறை வந்ததும் பெட்டியே இல்லாமல் போனது. க்யூப் சென்னைக் கம்பெனிதான். ஒரு படத்தை எத்தனை திரையிலும் ஒரே நேரத்தில் போடலாம் என்றானதும் வியாபாரத்தின் தர்க்கம் தலைகீழானது. நூறு நாள் காத்திருந்து சம்பாதிப்பதை மூன்று நாளில் அள்ளிவிட முடியும். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலைக் காட்சி காற்று வாங்கினால் யாரும் கவலைப்படுவதில்லை. டிஜிட்டல் ஒளிபரப்புக்கு யார் கட்டணம் கட்டுவது என்ற தகராறில் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படமே வராமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெட்டி தூக்கிய செலவு போய் வேறு பெயரில் செலவு வந்திருந்தது.

விளம்பரம் மாறியதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தியேட்டர் பெயர்கள் சிறுத்து, பிறகு பட்டியலாகி, பிறகு 'நகரெங்கும்' என்று ஒற்றைச் சொல்லாகிவிட்டன. 'சிட்டி கலெக்‌ஷன்' என்று ஒரே தொகை. அதில் ராயபுரம் எவ்வளவு, வேளச்சேரி எவ்வளவு என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வட சென்னைக்குத் தனி வரி கிடையாது. தீர்ப்பு சொல்லும் உரிமை சட்டம் போட்டுப் பறிக்கப்படவில்லை, கூட்டல் கணக்கில் கரைந்து போனது.

தியேட்டர்களும் ஒவ்வொன்றாகப் போயின. கிரவுன் போனது. பிராட்வே போனது. 1967-இல் தண்டையார்பேட்டையில் திறந்து, ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அகஸ்தியா, 2020-இல் கொரோனாவுக்காகப் பூட்டியது பூட்டியதாகவே முடிந்தது. 1985-இல் ரஜினிகாந்த் வந்து திறந்து வைத்ததால் 'ரஜினி தியேட்டர்' என்றே பெயரெடுத்த பெரம்பூர் பிருந்தா 2025-இல் மூடியது. ஆயிரம் இருக்கை என்பது ஒரு காலத்தில் பெருமை. இப்போது அது சுமை. முன்னூறு பேர் வந்தாலும் அரங்கம் காலியாகத் தெரியும். ஆனால் ஏ.சி. ஆயிரம் பேருக்கும் ஓட வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையான டி.எச். ரோட்டில் மெட்ரோவுக்காக வருடக்கணக்கில் பள்ளம் தோண்டிக் கிடந்தபோது வண்டி நிறுத்த இடமில்லாமல் குடும்பங்கள் வரவே இல்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியதும், அதே ஜனம் ஏறி மவுண்ட் ரோடு பக்கம் இறங்கியது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டாலும், மெயின் ரோட்டில் அவ்வளவு பெரிய மனையை வைத்துக்கொண்டு படம் ஓட்டுவதா, அடுக்குமாடி கட்டுவதா என்று வாரிசுகள் உட்கார்ந்து கணக்குப் போட்டால் படம் தோற்கும்.

எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைப்பதும் பொய். ராயபுரத்தில் பழைய பிரைட்டன் இருந்த இடத்தில்தான் ஐட்ரீம் நடக்கிறது. பெரம்பூரில் மாலுக்குள் திரைகள் இருக்கின்றன. இருக்கை நன்றாகவே இருக்கிறது, ஒலி பிரமாதம். அரசு 2017-இல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால் பெங்களூர், மும்பை மாதிரி இங்கே டிக்கெட்டில் கொள்ளை இல்லை. கொள்ளை பாப்கார்னில் நடக்கிறது. பெயர் வேண்டாம், ஒரு மாலில் நாலு பேர் படம் பார்த்துவிட்டு வந்தபோது டிக்கெட்டைவிடத் தின்றதும் வண்டி நிறுத்தியதும் கூடுதலாகியிருந்தது. முன்பெல்லாம் இடைவேளையில் கை முறுக்கு, பன்னீர் சோடா. படம் விட்டால் பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்துபோய் பர்மாக்காரர் கடையில் ஒரு தட்டு அத்தோ.

பீச் ஸ்டேஷன் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்த நகரத்தில் உலக சினிமாவைப் பரப்பியது யார் என்றால் எல்லாரும் திரைப்படச் சங்கங்களைச் சொல்வார்கள். உண்மைதான். 1977-இல் தொடங்கிய இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன், 2003 முதல் அது நடத்தும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, எடிட்டர் லெனின் பெயரில் விருது கொடுக்கும் தமிழ் ஸ்டுடியோ என்று உழைத்தவர்கள் உண்டு. ஆனால் திரைப்பட விழா பல ஆண்டுகள் நடந்த திரைகளைப் பாருங்கள். காசினோ, தேவி, உட்லண்ட்ஸ், ரஷ்யக் கலாச்சார மையம். எதுவும் கூவத்தைத் தாண்டியதில்லை. வடக்கே உலக சினிமா வந்தது பீச் ஸ்டேஷன் பக்கத்துப் பர்மா பஜார் வழியாக. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1960-களின் கடைசியில் உருவான கடை வரிசை அது. வி.சி.டி., டி.வி.டி. காலத்தில் குரோசாவாவும் கிம் கி டுக்கும் ஈரானியப் படங்களும் பிளாஸ்டிக் உறையில் அங்கே அடுக்கியிருக்கும். கோடம்பாக்கத்திலிருந்து உதவி இயக்குநர்கள் மின்சார ரயில் பிடித்து வந்து கடைக்காரரிடம், "அண்ணே, புதுசா கொரியன் ஏதாச்சும் வந்திருக்கா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் கதை சொல்லித் தருவார், விலை பேசுவார். அதே கடையில் அந்த வாரத் தமிழ்ப் படத்தின் கேமரா பிரிண்ட்டும் கிடைக்கும். அது ஓடிக்கொண்டிருந்தது நாலு தெரு தள்ளி இருந்த தியேட்டரில். 2004-இல் திருட்டு வி.சி.டி. விற்பவர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு கையால் சொல்லிக்கொடுத்து மறு கையால் அடிமடியில் கை வைத்த இடம் என்று பர்மா பஜாரைச் சொன்னால் தவறில்லை.

யார் படம், யார் மார்க்

இந்தத் தியேட்டர்கள் சரிந்த அதே ஆண்டுகளில்தான் வட சென்னை திரையில் ஏறியது என்பது பெரிய முரண். 2011-இல் ஆரண்ய காண்டம். தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்க, மேல்முறையீடு வரை போய் வெளிவந்து, தியேட்டரில் அதிக நாள் நிற்காத படம். அடுத்த ஆண்டு, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் படத்தொகுப்பு விருதும் அதற்கு. 2014-இல் வியாசர்பாடி ஹவுசிங் போர்டையும் ஒரு சுவரையும் வைத்து மெட்ராஸ். அதற்கு பிலிம்பேரில் கார்த்திக்குக் கிடைத்தது சிறந்த நடிகர் கோப்பை அல்ல, விமர்சகர்கள் தேர்வு என்ற தனிக் கோப்பை. 2021-இல் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதையான சார்பட்டா பரம்பரை. ஆர்யாவுக்கும் அதே விமர்சகர் கோப்பைதான்.

விமர்சகர் விருது என்று தனியாக ஒன்று எதற்கு? ரசிகர்கள் போடும் ஓட்டும் நட்சத்திர மவுசும் ஒரு பக்கம் இழுக்கும்போது, படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நடுவர்களின் பேச்சுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் காலப்போக்கில் அது ஒரு பந்தி வரிசையாகிவிட்டது. முதல் பந்தியில் பெரிய கோப்பை. 'நல்லாத்தான் நடிச்சிருக்கார், ஆனா' என்கிறவர்களுக்கு இரண்டாம் பந்தி. வட சென்னைக் கதைகள் அந்த இரண்டாம் பந்தியில் அடிக்கடி உட்காருவது என் கண்ணில் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது பாராட்டு மொழி. வட சென்னைப் படம் என்றால் 'ரா'வாக இருக்கிறது, ரத்தமும் சதையுமாக இருக்கிறது, மண் வாசனை அடிக்கிறது. எங்கள் ஊரில் மண் எங்கே இருக்கிறது? தார், சிமெண்ட், கடல் உப்பு, எண்ணெய்க் கம்பெனி வாடை. படத்தில் ஒரு ஆள் கைலி மடித்துக் கட்டிக் கத்தி எடுத்தால் 'யதார்த்தம்' என்று மார்க் ஏறுகிறது. அதே தெருவில் கேரம் போர்டு ஆடி மாநில அளவில் கோப்பை கொண்டு வருகிற பிள்ளைகள் வந்தால் அது யதார்த்தத்தில் சேர்வதில்லை. எழுதுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. அவர்களில் பலர் இந்தப் பக்கம் வந்து, இந்த ஜனத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். பிரஸ் ஷோ நடப்பது வடபழனி, சாலிகிராமம், ராயப்பேட்டைப் பக்கம். கிரவுன் இருந்த காலத்தில் எழுதியவருக்கு, தன் மார்க்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண் இருந்தது. எங்கே தான் தவறினோம் என்று நாற்பதாம் நாளோ ஐம்பதாம் நாளோ தெரிந்துபோகும். இப்போது அந்த எண் இல்லை.

சார்பட்டா பரம்பரை நடப்பது 1970-களின் நடுப்பகுதியில். அப்போது அகஸ்தியா எட்டு வயசுத் தியேட்டர், நாள் கணக்குகளின் உச்சக் காலம். அந்தப் படம் மட்டும் அன்று வந்திருந்தால் மேளதாளத்தோடு முதல் காட்சி நடந்திருக்கும். வந்தது 2021 ஜூலை 22-இல், நேராக அமேசான் பிரைமில். தியேட்டர்கள் இரண்டாம் அலையில் பூட்டிக் கிடந்தன. அகஸ்தியா ஏற்கெனவே இல்லை.

எங்கள் தெருவில் பிரைம் இருந்தது ஒரே ஒரு செல்போனில், அதுவும் பக்கத்து வீட்டுப் பையன் யாரோ நண்பனிடம் வாங்கி வைத்திருந்த பாஸ்வேர்டு. ராத்திரி வாசலில் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் செல்லைச் சாய்த்து வைத்து, பதினைந்து பேர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு தெரு வரும்போதும் படத்தை நிறுத்தச் சொல்லி, இது எந்த இடம் என்று பஞ்சாயத்து. அதெல்லாம் செட்டு என்று பையன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு ஆயா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அல்லாம் சரியாத்தான் கீது. ஆனா நம்ம தெருவ இம்மாம் அகலமா காட்றானே, அந்த எடம்லாம் எங்க போச்சு?" என்றது.

கடைசிச் சண்டை தொடங்குகிற நேரம். இடியப்பப் பரம்பரை ஆள் கையுறையை முட்டிக்கொண்டு வருகிறான். திரை கருத்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. இரண்டு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு இருட்டில் யாரோ நீளமாக ஒரு விசில் அடித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய சித்தப்பா திண்ணையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்:

"ஆப்ரேட்டர்ர்ர்!"

நான் சார்ஜர் எடுக்க உள்ளே ஓடினேன்.